பிலோமினா ஏன் குனிந்திருக்கிறாள்

1

அந்தப் படம் ஊரில் எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்துவிட்டதாகத் தம்பி சவரிமுத்து சொன்னான். வெள்ளை நிறத்தில் ஒரு புது போர்வீல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். சுற்றிலும் செம்பனை மரங்கள், கீழே செம்மண் சரிவு. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான், பக்கத்தில் என் மனைவி பிலோமினா. படம் எடுத்தது என் மகள் மெர்சி. எடுத்த சூட்டோடு குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.

"அண்ணே, வண்டி யானைக்குட்டி மாதிரி இருக்குண்ணே. ஆனா அண்ணி ஏன் தலையத் தொங்கப் போட்டிருக்காங்க? உடம்புக்கு முடியலையா? இல்ல, வண்டி எடுத்ததுல சண்டையா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் அவன் சம்சாரம் கேட்டாள். அதற்கடுத்த நாள் மணப்பாறையிலிருந்து மச்சான் கேட்டார். ஆளாளுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நம் ஊர்த் திருவிழா மலருக்கு இந்த வருடமும் ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே அந்த ஒரு கேள்விக்கான பதிலையே எழுதி அனுப்புகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவதில் மட்டும் என்னிடம் யாரும் பிழை பிடிக்க முடியாது என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறவன். மலாக்கா மாநிலத்தில் ஜாசின் சந்தைக்கு வந்து 'லோரி அருளப்பன் வீடு எது' என்று கேட்டுப் பாருங்கள். மீன் விற்பவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வழி காட்டுவார். ஒரு லோரியில் ஆரம்பித்து நாலு லோரிக்கு முதலாளி ஆனவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

2

நம் ஊரிலிருந்து மலேசியாவுக்கு, மாமாவின் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்க வந்தவன் நான் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். கடை மலாக்கா டவுனில் இருந்தது. அங்கே சாமான் இறக்க வந்த லோரிக்காரரிடம் ஒட்டிக்கொண்டு வண்டி பழகினேன். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. ஒரு குலை இருபது கிலோ இருக்கும், மேலெல்லாம் முள். கையில் இன்னும் அந்தத் தழும்புகள் இருக்கின்றன.

பிலோமினா இங்கேயே பிறந்தவள். அவளுடைய அப்பா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவளுக்கு நீல நிற அடையாளக் கார்டு, இந்த நாட்டுப் பிரஜை. எனக்கு வெறும் பெர்மிட். கல்யாணம் ஆனதும் எனக்கும் கார்டு கிடைத்துவிடும் என்று நினைத்தேன். பதினேழு வருடம் ஆனது, அதுவும் சிவப்புக் கார்டு. வாக்குரிமை இல்லை, தங்க உரிமை மட்டும். அந்தப் பதினேழு வருடமும் பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் பிலோமினாவும் கூட வர வேண்டும். எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்போம். முகப்புக் கவுண்டரில் இருக்கும் அம்மா மலாயில் கேட்பார்: "இன்னமும் சேர்ந்துதான் வாழ்கிறீர்களா?" பிலோமினாதான் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் செல்லாது. ஒருமுறை முதல் நாள் ராத்திரி பெரிய சண்டை. மறுநாள் முகப்பில் அந்தக் கேள்வி வந்தபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகுதான் ஆமாம் என்றாள். அந்த இடைவெளியில் எனக்கு வேர்த்த வேர்வை எந்த மலை ஏற்றத்திலும் வேர்த்ததில்லை.

பெர்மிட்காரன் பெயரில் எதுவும் வாங்க முடியாது என்பதால் முதல் லோரி அவள் பெயரில். வீடு அவள் பெயரில். ஜாசினுக்கு வெளியே ஒரு மேட்டில் வாங்கிய ஆறு ஏக்கர் நிலமும் அவள் பெயரில். அதில் செம்பனைக் கன்றுகளை ஒவ்வொன்றாக நட்டவளும் அவள்தான். நான் லோரியில் அலைந்துகொண்டிருந்தேன். மேட்டின் உச்சியில் நின்றால் தூரத்தில் ஜாசின் பள்ளிக்கூடத்துக் கூரை தெரியும். அங்கே ஒரு பலா மரம் வைத்திருக்கிறாள். அதற்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறாள். என்ன பெயர் என்று எனக்குச் சொன்னதில்லை.

அந்த மேட்டுக்கு அவள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதுவரை நடந்தேதான் ஏறினாள். வலது முட்டி விட்டுப்போனது. நடந்து ஏற முடியாது. வண்டியில் ஏறிப் போகலாமே என்றால், அந்தச் சரிவில் என்னோடு வண்டியில் உட்கார மாட்டாள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

மெர்சி மலாக்காவில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவள் ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"அப்பா, பக்கத்து நிலத்துக்காரரு கேக்குறாருலா. வித்துடுங்க. அம்மாவால போகவே முடியல, அப்புறம் எதுக்கு வச்சிக்கிட்டு?"

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "வித்துடுங்க" என்றாள்.

அவ்வளவு சாதாரணமாக அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளை அந்த உச்சிக்குக் கொண்டுபோய்விட்டால் விற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். புது போர்வீல் எடுக்க நான் முடிவு செய்தது அதனால்தான். காப்பிக் கடையில் மட்டும் 'பழசு அலுத்துப்போச்சு' என்று சொல்லிவைத்தேன்.

3

மலாக்காவில் மெர்சியோடு வண்டிக் கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். ஒரே வண்டி இரண்டு ரகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. ஒன்று சாதா, ஒன்று பிரீமியம். விற்பனைக்கு இருந்தவள் ஷர்மிளா என்ற பெண். சிம்பாங் அம்பாட் ஊர்க்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் படபடவென்று பேசும்.

"இன்ஜின் ரெண்டுக்கும் ஒன்னுதானேம்மா?"

"ஒன்னுதான் அங்கிள்."

"அடிச்சட்டம்?"

"அதுவும் ஒன்னுதான்."

"அப்ப அதுக்கு ஏன் இவ்ளோ விலை? அந்த வித்தியாசத்துல இன்னொரு பழைய காடியே எடுக்கலாமே." இங்கே காரைக் காடி என்போம்.

"உள்ள ஏறி உக்காருங்க அங்கிள், அப்புறம் கேளுங்க."

சாதாவில் கை கியர். துணி இருக்கை. தரையில் ரப்பர், சேறு பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். இரும்புச் சக்கரம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி. பிரீமியத்தில் தோல் இருக்கை, தானாக மாறும் கியர், ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, நடுவில் ஒரு பெரிய திரை. ஷர்மிளா எதையோ தொட்டாள். திரையில் வண்டியின் முதுகு தெரிந்தது. மேலேயிருந்து, இறக்கை வைத்த ஏதோ ஒரு சம்மனசு வானத்தில் நின்று பார்ப்பது போல. பக்கத்தில் நின்ற மெர்சியின் தலை வகிடு தெரிந்தது.

"மேல யாரு நிக்கிறது?" என்றேன், நிஜமாகவே.

"யாரும் இல்ல அங்கிள். நாலு பக்கமும் கேமரா. அதுவே சேத்து வரையும்."

நான் இறங்கி வண்டியைச் சுற்றி வந்து கூரையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆளில்லாத இடத்திலிருந்து ஒரு பார்வை. அன்று ராத்திரி தூங்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னாள். சரிவில் இறங்கும்போது ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் போதும், காலைத் தூக்கிவிடலாம், வண்டி தானே பிடித்துப் பிடித்து இறங்கும் என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

"அம்மா, அதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு. எனக்கு இந்தக் கால் போதும். சாதாவே போடு."

"அங்கிள், ஆண்ட்டிய ஒரு தடவ கேட்டுக்குங்க. நீங்க பாட்டுக்கு புக் பண்ணிட்டுப் போவீங்க. மறுநாள் ஆண்ட்டி போன் பண்ணி என்னத் திட்டுவாங்க. நான் எத்தன பாத்திருக்கேன்."

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னேன். "எதையோ எடுங்க. நான் ஏறப் போறதில்ல" என்றாள்.

4

இப்போது அந்தக் காரணம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் ஒரு காலை. அந்த மேட்டிலிருந்து பழைய போர்வீலில் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் நிறையக் குலைகள். பக்கத்தில் பிலோமினா. பாதி வழியில் வண்டி பிடி கொடுக்காமல் ஓடியது. செம்மண்ணில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டுபோய் வளைவில் இருந்த மரத்தில் முட்டியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. பிலோமினாவின் முட்டிச் சில்லு டேஷ்போர்டில் மோதி இரண்டாக உடைந்தது.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். டாக்டரிடம் சொன்னேன், மெர்சியிடம் சொன்னேன், காப்பிக் கடையில் சொன்னேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் பிரேக் என்றுதான் சொன்னேன். பிலோமினாவும் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் படுக்கையில் இருந்தபடி 'பிரேக்கு போயிருச்சாம்' என்றே சொல்லிவந்தாள்.

5

ஷர்மிளா விடாப்பிடியான ஆள். வீட்டுக்குப் போன் போட்டுப் பிலோமினாவிடமே பேசிவிட்டாள். "ஆண்ட்டி, உங்க நிலத்துக்கே காடியக் கொண்டாறேன். நீங்க ஏற வேணாம், சும்மா கீழ உக்காந்து பாருங்க." ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் வண்டி பிரீமியத்தில்தான் இருக்கிறதாம், சாதாவில் இல்லையாம். வந்தால் வரட்டும் என்று விட்டேன்.

மேட்டின் அடியில் உரம் வைக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் பிலோமினா உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் பெய்த மழையில் மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் ஓட்ட, ஷர்மிளா பக்கத்தில் இருக்க, மேலே ஏறினோம். ஏறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, ஏற்றம் எந்த வண்டியிலும் நான் ஏறுவேன். உச்சியில் திருப்பி, மூக்கைச் சரிவில் வைத்து நிறுத்தினேன். கீழே பிலோமினா ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்தாள்.

ஷர்மிளா பொத்தானை அமுக்கினாள். "அங்கிள், இப்ப மெதுவா பிரேக்க விட்டுட்டு ரெண்டு காலையும் பின்னால வச்சிக்குங்க."

"விளையாடுறியா?"

"நானும் உள்ளதான இருக்கேன் அங்கிள். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

காலை எடுத்தேன். வண்டி ஒரு சாண் நகர்ந்தது. பிறகு அடியிலிருந்து கறகறவென்று ஒரு சத்தம். ஏதோ பல்லைக் கடிப்பது போல. வண்டி நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து, நடக்கும் வேகத்தில் இறங்கியது. முன் இடது சக்கரம் வழுக்கினால் அதை விட்டு மற்றவற்றைப் பிடிக்கிறது. அது பிடி கொடுத்ததும் இன்னொன்றை விடுகிறது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனிக் கை இருக்கிற மாதிரி.

நம் ஊர்த் திருவிழாவில் அந்தோணியார் சப்பரம் கோயில் படியிறங்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முன்னால் தோள் கொடுப்பவர்கள் உயர்த்திப் பிடிப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் முட்டியை மடக்கித் தாழ்த்திக் கொடுப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அந்தோணியார் சுரூபத்தின் மேல் இருக்கும் பூ ஒன்றுகூட உதிராது. அப்படித்தான் இறங்கினோம். நாற்பது வருடம் ஓட்டியவன் ஒன்றும் செய்யாமல் சுரூபம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் காலால் ஒருநாளும் இப்படிச் செய்திருக்க முடியாது. இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை.

கீழே வந்து நின்றதும் பிலோமினா எழுந்து, மெதுவாக வண்டிப் பக்கம் நடந்து வந்தாள்.

"யாரு பிரேக் போட்டது?" ஷர்மிளாவிடம்தான் கேட்டாள்.

"காடியே போடும் ஆண்ட்டி."

"இவரு ஒன்னும் செய்ய வேணாமா?"

"வேணாம் ஆண்ட்டி. கை மட்டும் ஸ்டியரிங்ல இருக்கணும்."

"கியர்?"

"கியர் அதுவே பாத்துக்கும். அங்கிள் தொடவே தேவையில்ல."

பிலோமினா கொஞ்ச நேரம் சக்கரத்தில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷர்மிளா சும்மா இருக்க மாட்டாமல், "ஏன் ஆண்ட்டி, முன்ன ஏதும் ஆச்சா?" என்றாள்.

"பழைய வண்டியில பிரேக் போயிருச்சும்மா" என்று நான் முந்திக்கொண்டேன்.

பிலோமினா என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தபடியே, "ஃப்ரீ கியர்" என்றாள்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டும். நான் முதல் லோரி ஓட்டிய காலத்தில் டீசல் நம் கைக்காசு. இறக்கம் வந்தால் கியரை நீக்கி, ஃப்ரீயில் வண்டியைத் தானாக ஓட விடுவோம். நாலு இறக்கத்தில் மிச்சம் பிடித்தால் ஒரு சாப்பாடு. எங்கள் காலத்து லோரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். பிறகு சம்பாதித்துவிட்டேன், டீசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் கை மறக்கவில்லை. அன்று மழையில், பாரத்தோடு, அந்தச் சரிவில், பக்கத்தில் பிலோமினாவை வைத்துக்கொண்டு கியரை நீக்கிவிட்டேன். கியரில் இருந்திருந்தால் இன்ஜின் பிடித்திருக்கும். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை.

"எங்கப்பாவும் லோரிதான் ஆண்ட்டி" என்றாள் ஷர்மிளா மெதுவாக. "இதே வேலைதான் செய்வாரு. எங்கம்மா கத்துவாங்க."

"நான் கத்தல" என்றாள் பிலோமினா. "கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். டக்குன்னு எடுத்தாரு."

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"பன்னெண்டு வருஷமா பிரேக்குன்னு சொன்னியே."

"நீங்கதான் அப்படிச் சொன்னீங்க. லோரி அருளப்பன் ஃப்ரீ கியர்ல கொண்டுபோய் முட்டினாருன்னு தெரிஞ்சா எந்தத் தோட்டத்துக்காரன் குலை குடுப்பான்? மெர்சிக்கு அப்ப காலேஜு." அதோடு நிறுத்திக்கொண்டு ஷர்மிளா பக்கம் திரும்பினாள். "இந்தக் காடிதான் வேணும். மத்தது வேணாம். அதுல இவரு கைக்குக் கியர் இருக்கு."

நான் அந்த வண்டியைக் கண்டு வியந்தேன் என்று மேலே எழுதினேன். நாலு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்கும் இயந்திரம் பெரிய விஷயம்தான். ஆனால் உடைந்த முட்டியோடு படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் என் பொய்யைத் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தவளை, அதே அடுப்படியில், அதே வீட்டில் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. 'இன்னமும் சேர்ந்துதான் வாழ்கிறீர்களா' என்று அந்த அலுவலகத்தில் வருடாவருடம் அவளை ஏன் கேட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமலேயே சொல்லியிருப்பேன்.

காப்பிக் கடையில், 'அருளப்பன் சாதாதான் எடுப்பாருன்னாங்க, தோலு வச்ச காடில்ல எடுத்திருக்காரு' என்று கேலி செய்தார்கள். என் சம்சாரம் கேட்டாள், எடுத்தேன் என்றேன். அது நிஜம்தானே.

மெர்சி மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. பிலோமினாவுக்கும் வாசிக்க வராது. பேரன் என்னிடம் 'தாத்தா' என்ற ஒரு வார்த்தையைத் தமிழில் சொல்லிவிட்டு மீதியை இங்கிலீஷில் சொல்வான். நான் எழுதி அனுப்பும் எதையும் என் வீட்டில் யாரும் படிக்கப் போவதில்லை என்பது எனக்கு வசதிதான். இருந்தாலும் இதை அனுப்புவதற்கு முன்னால் மெர்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஃப்ரீ கியர் வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துபோய்த் தைலத்தை எடுத்துக்கொண்டு அவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

6

வண்டி வந்தது. கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளித்தார், கூரைமேலும் ஒரு கை தெளித்தார், அந்தச் சம்மனசு நிற்கிற இடத்தில். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கப் போனபோது பிலோமினா தடுத்துவிட்டாள். இங்கே நம் ஆட்கள் புதுக் காடி எடுத்தால் அந்த உறை தானாகக் கிழியும்வரை கழற்ற மாட்டார்கள். நேராக மேட்டுக்குப் போனோம். மெர்சி எங்களை முன்னே விட்டுவிட்டுச் சரிவின் அடியில் போனோடு நின்றுகொண்டாள்.

பிலோமினா படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்கி ஏறினாள். நான் கை கொடுக்கப் போனேன். "நீங்க உங்க இடத்துல உக்காருங்க" என்றாள்.

உச்சியில் அவளை இறக்கிவிட்டேன். நேராகப் பலா மரத்துக்குப் போனாள். இரண்டு வருடத்தில் அடிமரம் பருத்திருந்தது. அதில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஏதோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. அடியில் காய்த்துத் தொங்கியதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்து நிலத்துக்காரருக்குப் போன் பண்ணி இல்லன்னு சொல்லிடுங்க" என்றாள். "ஏன்னு கேட்டா?" என்றேன். "காய் முத்தலன்னு சொல்லுங்க" என்றாள்.

பிறகு இறக்கம். மூக்கைச் சரிவில் வைத்தேன். பொத்தானை அமுக்கினேன். பிளாஸ்டிக் உறையில் வழுக்கி முன்னால் வந்த பிலோமினா கைப்பிடியைப் பற்றி மறுபடி பின்னால் சாய்ந்தாள். "காலை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். கறகறவென்று சத்தம் ஆரம்பித்தது. வண்டி சப்பரம் மாதிரி தாழ்ந்தது. எதிரே ஜாசின் முழுவதும், பள்ளிக்கூடத்துக் கூரை, தூரத்துப் பச்சை எல்லாம் கண்ணாடியில் ஏறி வந்தன. இவ்வளவு அழகான இறக்கத்தை அவள் பார்த்து எத்தனை வருடம் ஆகிவிட்டது, பார்க்கட்டும் என்று திரும்பினேன்.

அவள் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாதமும் தரையில் தட்டையாக இருக்கிறதா என்று. என் கை கியர் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கண் அங்கே போய்த் திரும்பியது. அந்த நேரத்தில்தான் மெர்சி கீழேயிருந்து படம் எடுத்தாள்.

வளைவில் அந்த மரம் வந்தது. பட்டையில் பழைய வடு இன்னும் இருக்கிறது. அதற்கும் அவள் நிமிரவில்லை. வண்டி அதைக் கடந்து, சமதரைக்கு வந்து, தானாக நேரானது.

அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"இப்ப காலை வைங்க" என்றாள்.

வைத்தேன்.